ஒரு கோப்பை பச்சவெள்ளம்

“நாங்க காய்ச்சின வெள்ளந்தான் குடிப்போம்”னு யாராவது சொன்னா இப்பம் எனக்குக் கை துறுதுறுக்கும். ஒண்ணு வச்சுக் குடுக்கலாம்னு தோணும். யாருக்குக் குடுக்க? முதல்ல எனக்காக்கும் குடுக்கணும். நாப்பத்திரண்டு வீடு ஏறி இறங்கி, நாப்பத்திரண்டு ஃபாரத்துலயும் அந்த வரிக்கு நேரா டிக் போட்டது இந்தக் கைதானே.

எனக்க பேரு ஸ்ரீகலா. பாறையடிக்கோணத்துல பதினாலு வருஷமா ஆஷா ஒர்க்கர். கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் வீடு வீடாப் போய்ப் பாக்கணும், தீனம் வந்தா ஹெல்த் ஆபீசுக்குச் சொல்லணும், அதுதான் சோலி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு ஊர்ல பேரு உண்டு. வாய் இல்லாட்டா இந்த ஊர்ல ஒரு சோலி நடக்குமா? இரும்புச்சத்து மாத்திரை குடுத்தா கோழிக்கூட்டுக்குப் பொறத்தால எறிஞ்சிட்டு, “முழுங்கியாச்சு ஸ்ரீகலே”ன்னு கண்ணைப் பாத்துச் சொல்லுவாளுக. நான் கோழிக்கூட்டுக்குப் பொறத்தாலயும் போய்ப் பாக்கவ.

வெள்ளத்துக்கு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். குன்னத்துகால்ல இருந்து வந்த லாரிக்குப் பின்னால குடத்தோட ஓடி, முட்டு உடைஞ்சவளுக உண்டு. பொறவு நாப்பத்திரண்டு வீடும் கூடி ஒரு குடிவெள்ள சமிதி உண்டாக்கினோம். வயல்கரையில கிணறு வெட்டினோம், பாறைக்க மேல டாங்கு வச்சோம், வீட்டுக்கு வீடு குழாய் இழுத்தோம். மண்ணு சுமந்ததுல பாதிக்கு மேல பெண்ணுங்க. கருணாகரண்ணன் தலைவர், பஸ் கண்டக்டரா இருந்து பென்ஷன் ஆனவர். நான் செக்ரட்டரி. வேற வார்டுல இருந்து ஆளு வந்து எங்க கிணத்தைப் பாத்துட்டுப் போவாவ. அப்பம் எனக்குள்ள ஒரு தலைக்கனம் வரும், அதை இல்லன்னு சொல்லமாட்டேன்.

சனிக்கிழமை தோறும் சாயங்காலம் வாளியில பிளீச்சிங் பவுடர் கரைச்சு, தெளிஞ்சதை மட்டும் கிணத்துல இறக்குவேன். அதை விடவே முடியாது, காரணம் உண்டு. கிணத்துக்கு மேல, ஏத்தத்துல, கருணாகரண்ணனுக்க வாடகைக் கட்டிடம். நாலு குடித்தனம். அதுக்க கக்கூஸ் குழிக்கு அடி கெட்டலை, சும்மா உறை இறக்கி மூடினது. மழை பெஞ்சா அதுல உள்ளது எங்க இறங்கும்னு எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு கூட்டத்துலயும் குழியை மாத்தணும்னு எழுதுவோம். அண்ணன், வேனல் வரட்டும்னு சொல்லுவாரு. வேனல் வரும், போவும். பிளீச்சிங் போடுதோம் இல்லியா, கெடக்கட்டும்னு நாங்களும் விட்டோம்.

போன ஆவணியில சபரிநாதனுக்க புது வீட்டுக்குப் பால்காய்ப்பு. அவன் எனக்க சித்தப்பா மகன். ரெண்டு மாடி, வெளியே கிரானைட். நாகர்கோவில்ல இருந்தும் திருவனந்தபுரத்துல இருந்தும் சொந்தக்காரங்க முந்நூறு பேரு வரப்போறாவ. பத்து நாளுக்கு முன்ன எனக்க வீட்டுல வந்து இருந்தான். பிளீச்சிங்கை ரெண்டு சனிக்கிழமைக்கு விட்டுரு அக்கான்னு கேட்டான். மருந்து வாடை பாயசத்துல ஏறும், முந்தின வருஷம் ஒரு கல்யாணத்துல சாயாவை வாயில வச்சவன் எல்லாம் முகம் சுளிச்சதை நீயும் பாத்தல்லான்னான். நான் நல்லா ஏசினேன். அவன் கருணாகரண்ணனைக் கூட்டிட்டு வந்தான். அண்ணன் ஒரு நியாயம் சொன்னாரு. சமையல் எல்லாம் கொதிக்கப் போறது. குடிக்கது பதிமுகம்ங்கத மரச்சீவல் போட்டுச் சிவப்பாக் காய்ச்சின வெள்ளம். காய்ச்சாத பச்சவெள்ளம் யாருக்க வாயிலயும் போகப்போறது இல்ல. பின்ன எதுக்கு இந்தப் பிடிவாதம்னு கேட்டாரு.

எனக்கும் அது நியாயமாப் பட்டது. அதுக்கும் மேல, வாறது எனக்க சொந்தக்காரங்களுமாக்கும். சித்தப்பா வீட்டு விருந்துல வெள்ளம் நாறுதுன்னு பேச்சு வரப்பிடாதுன்னு நானும் நினைச்சேன். ரெண்டு சனிக்கிழமை பிளீச்சிங் போடலை. கிணறு வெட்டின பொறவு அதுதான் முதல் தடவை. அந்த வாரம் மூணு நாள் விடாம மழை பெஞ்சது.

ஆர்யாவைப் பத்திச் சொல்லணும். விஜயம்ம சேச்சிக்க மருமவ, அனூப்புக்க வீட்டுக்காரி. வெள்ளறடைக்காரி, பி.எட். படிச்சவ. அனூப் ஓமான்ல எலக்ட்ரீசியன், வீட்டுல மாமியும் மருமவளும் மட்டுந்தான். ரெண்டு தடவை கலைஞ்சு மூணாவதா நின்ன கர்ப்பம். விஜயம்ம சேச்சி அவளைத் தரையில நடக்க விடலைன்னு சொன்னாத் தப்பில்ல. குளிக்க வெந்நி, குடிக்க வெந்நி, மாடிப்படி ஏறப்பிடாது, தேங்கா துருவப்பிடாது. நானும் வாரத்துக்கு ரெண்டு தடவை போவேன். எனக்க லிஸ்டுல ஒம்பது கர்ப்பிணி உண்டு, ஆனாலும் மனசு முழுக்க அவமேலதான். இந்தத் தடவை ஒரு பிள்ளை அவளுக்க கையில இருக்கணும்னு நான் நேர்ச்சை வரைக்கும் போட்டிருந்தேன்.

பால்காய்ப்பு அன்னைக்கு அவளுக்கு அஞ்சு மாசம். காலம்பற எல்லாம் ஓங்காளிச்சுக்கிட்டுக் கெடந்த பிள்ளை, மூணாம் பந்தியில இருந்து அவியலும் எரிசேரியும் போட்டு நல்லாச் சாப்பிட்டா. பாத்து எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு. பதிமுக வெள்ளம் அண்டாவுல இருந்து கொதிக்கக் கொதிக்க வந்தது. ஸ்டீல் கிளாஸ், கையில பிடிக்க முடியலை. விளம்புத பெண்ணுங்க ஜக்குல பாதி கொதிவெள்ளமும் பாதி குழாய் வெள்ளமுமா ஊத்தித்தான் கொண்டு போனாவ. இது எங்க ஊர்ல எல்லா வீட்டுலயும் நடக்கதாக்கும். கொதிக்கத வெள்ளத்தை அப்படியே யாரு குடிப்பா? பச்சவெள்ளம் சேத்தாலும் நிறம் சிவப்பாத்தான் இருக்கும், கையில பிடிச்சாச் சூடும் இருக்கும். அதுக்குப் பேரு காய்ச்சின வெள்ளம். அப்படியும் ஆர்யாவுக்குச் சூடு தாங்கலை, கிளாஸை ஊதி ஊதிப் பாத்துட்டு இருந்தா. நான் ஓடிப்போய் குழாயில ஒரு கோப்பை பிடிச்சுக் கொண்டுவந்து அவளுக்க கிளாஸுல ஊத்தினேன். வெதுவெதுன்னு இருக்கு அக்கான்னு சொல்லி ரெண்டு கிளாஸ் குடிச்சா.

அஞ்சு வாரம் கழிச்சு, புரட்டாசி கடைசியில, சபரிநாதனுக்க மாமனாருக்குத்தான் முதல்ல கண்ணு மஞ்சளாச்சு. பொறவு அவனுக்க மூத்த பையன். பொறவு கிணத்தடி வீடு, பாறையடி வீடு. பத்து நாளைக்குள்ள பத்தொம்பது பேரு. ஹெல்த் ஆபீஸ்ல இருந்து வந்து பள்ளிக்கூடத்துல கேம்ப் போட்டாவ, ரத்தம் எடுத்தாவ. வீட்டுக்கு ஒரு ஃபாரம் நிரப்பச் சொல்லி என்கிட்ட குடுத்தாவ. அதுல ஒரு கேள்வி, குடிக்கத வெள்ளம் காய்ச்சினதா, காய்ச்சாததா. எல்லா வீட்டுலயும் ஒரே பதில். காய்ச்சாத வெள்ளமா, சீ, நாங்க தொடவே மாட்டோம்னு சொன்னாவ. சொன்னவங்க யாரும் பொய் சொல்லலை. நானும் பொய் எழுதலை. அதுதான் கொடுமை.

வெள்ளம் சுத்தம்னு ஆனா பின்ன எதுல இருந்து வந்ததுன்னு ஊரு தேடிச்சு. முக்குல சர்பத் கடை வச்சிருக்க சுயம்பு கையில கெடச்சான். ஐஸ் எங்க வாங்குதான், யாருக்குத் தெரியும்? பத்து பேரு போய்க் கடையை அடைக்கச் சொன்னாவ. அந்தப் பத்துல முன்னால நின்னது நான். பிள்ளைகளுக்க கண்ணைப் பாருலேன்னு கத்தினேன். அவன் எலுமிச்சங்கா நறுக்குத கத்தியைக் கீழ வச்சிட்டு, நான் எனக்க பிள்ளைகளுக்கும் இதைத்தானே குடுக்கேன்னு மட்டும் சொன்னான். எனக்கு அது காதுல ஏறலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்யாவுக்குக் காய்ச்சல், வாந்தி. திங்கக்கிழமை போய்ப் பாத்தா கண்ணு மஞ்சள். அவளுக்கு அப்பம் ஆறரை மாசம். கேம்ப் டாக்டர்கிட்ட சொன்னேன். கெட்ட வெள்ளம் குடிச்ச கர்ப்பிணின்னா இன்னைக்கே பெரிய ஆசூத்திரிக்கு அனுப்பணும்னு அவர் சொன்னாரு. இந்தப் பிள்ளை சர்பத் கடைப் பக்கமே போகாது டாக்டரே, வீட்டுலயும் காய்ச்சின வெள்ளந்தான், அவளுக்க மாமி பச்சவெள்ளத்தைக் கண்ணுல காட்டமாட்டான்னு நான் சொன்னேன். அவருக்க முன்னால அம்பது பேரு வரிசையில நிக்காவ. வியாழக்கிழமை கர்ப்பிணிகளுக்க கிளினிக் உண்டு, அன்னைக்கு நானே கூட்டிட்டு வந்து ரத்தம் எடுக்கேன்னு சொன்னதும் நான்தான். அவர் சரின்னு தலையாட்டினாரு.

அதுக்குள்ள விஜயம்ம சேச்சி வெள்ளறடைக்கு ஆட்டோ பிடிச்சுப் போய் ஒரு வைத்தியர்கிட்ட கீழாநெல்லி அரைச்சது வாங்கிட்டு வந்தா. உப்பு இல்லாப் பத்தியம். மூணு நாள்ல இறங்கிரும்னு சொன்னாராம். நான் முனங்கினேன், ஆனாச் சண்டை போடலை. வியாழக்கிழமை வரட்டும்னு இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஹெல்த் இன்ஸ்பெக்டர் அகிலேஷ் ஃபாரம் வாங்க எனக்க வீட்டுக்கு வந்தான். நெய்யாற்றிங்கரைப் பையன், சோலியில சேந்து ஒரு வருஷம் ஆகலை, சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. மேசையில இருந்து ஒவ்வொரு ஃபாரமாப் புரட்டினான். நாப்பத்திரண்டுலயும் ஒரே இடத்துல டிக். நான் பதிமுக வெள்ளம் கொண்டு வச்சேன், ஆவி பறந்தது. அவன் தொட்டுப் பாத்துட்டுத் தள்ளி வச்சான். வெயில்ல வந்த பிள்ளை தாகமா இருக்கேன்னு நான் கிளாஸை எடுத்துட்டுப் போய், அவனுக்க கண்ணு முன்னாலயே குழாயைத் திறந்து ஊத்தி, கலக்கிக் கொண்டு வந்து நீட்டினேன்.

அவன் வாங்கலை. கிளாஸையும் என்னையும் மாறி மாறிப் பாத்தான்.

“சேச்சி, இதாணோ திளப்பிச்ச வெள்ளம்?”

இதுதானே காய்ச்சின வெள்ளம், நிறம் தெரியலியான்னு ஏசத்தான் வாயைத் திறந்தேன். அப்பந்தான் எனக்க கையில இருந்த கிளாஸைப் பாத்தேன். அதுல பாதி, அந்தக் கிணத்துல இருந்து நேரே வந்தது. பதினாலு வருஷம் ஊருக்கெல்லாம் காய்ச்சிக் குடி, காய்ச்சிக் குடின்னு பாடம் நடத்தினவ நான். காய்ச்சினதுல காய்ச்சாததைச் சேத்தா என்ன ஆகும்னு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, யோசிக்கலை. பச்சப்பிள்ளைக்குக் கூடத் தெரியுத காரியம் இது. எல்லா வீட்டுலயும் இப்படியான்னு அவன் கேட்டான். நான் தலையாட்டினேன். அவன் பையில இருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். ரத்தப் பரிசோதனை காலம்பற வந்ததாம். இது சாதாரணமா வந்து போகுத மஞ்சக்காமாலை இல்ல, வேற வகை. மத்தவங்களுக்குப் பெரும்பாலும் தானாக் குணமாயிரும், கர்ப்பிணிகளுக்கு உயிருக்கே ஆபத்துன்னான். உங்க லிஸ்டுல மஞ்சள் வந்த கர்ப்பிணி உண்டான்னு கேட்டான்.

நான் செருப்புகூடப் போடாம ஓடினேன்.

ஆர்யா கட்டில்ல கெடந்தா. முந்தின நாள்ல இருந்தே தூக்கந்தான்னு விஜயம்ம சேச்சி சொன்னா. நான் கன்னத்தைத் தட்டி எழுப்பினேன். கண்ணைத் திறந்து, பரீட்சை முடிஞ்சுதா அக்கான்னு என்கிட்ட கேட்டா. கையை நீட்டச் சொன்னேன், விரலு எல்லாம் தானா உதறிச்சு. எனக்கு அவ்வளவு பயம் எனக்க ஆயுசுல வந்தது இல்ல. இப்பமே வண்டி வேணும் சேச்சி, திருவனந்தபுரத்துக்குப் போகணும்னு சொன்னேன். தூக்கம் வந்தாத் தீனம் இறங்குதுன்னு அர்த்தம், வைத்தியர் சொல்லியிருக்காருன்னு அவ சொன்னா. ரெண்டு தடவை ஆசூத்திரிக்குக் கொண்டு போய் ரெண்டு தடவையும் வெறும் கையோட வந்தாச்சு, இந்தத் தடவை நான் விடமாட்டேன்னா.

அப்பம் எனக்குத் தோணிச்சு, உண்மையைச் சொன்னா இவ இளகுவான்னு. வேற வழியும் எனக்குத் தெரியலை.

“சேச்சி, பால்காய்ப்பு அன்னைக்கு இவளுக்குப் பச்சவெள்ளம் ஊத்திக் குடுத்தது நானாக்கும். கிணத்துல பிளீச்சிங்கும் போடலை. இது அந்த வெள்ளத்துல வந்தது. கர்ப்பிணிகளைக் கொல்லுத தீனம் இது.”

விஜயம்ம சேச்சி என்னை அடிப்பான்னு நினைச்சேன். அடிச்சிருந்தாலும் நின்னு வாங்கியிருப்பேன். அவ அடிக்கலை. பைய ஒரு கேள்வி கேட்டா. சூட்டு வெள்ளத்துல கொஞ்சம் பச்சவெள்ளம் ஊத்தினா அதுல தீனம் வருமான்னு கேட்டா. வரும்னு சொன்னேன். அவ அடுக்களைப் பக்கம் திரும்பிப் பாத்தா. பொறவு எனக்க தோளைப் பிடிச்சு வாசலுக்குத் தள்ளினா.

“இறங்கிப் போ. எனக்க பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல.”

கதவை அடைச்சுக் கொண்டியும் போட்டா. நான் முற்றத்துல நின்னு கத்தினேன், கதவை இடிச்சேன். அக்கம்பக்கம் எல்லாம் கூடிச்சு. கருணாகரண்ணன் வந்து கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாரு. பிளீச்சிங் போடாததும் குழிக்க காரியமும் ரோட்டுல நின்னு பேசுத விஷயமா, சமிதிக்க பேரை நீயே கெடுப்பியான்னு கேட்டாரு. உள்ள ஒரு பிள்ளை சாவப் போகுது அண்ணான்னு சொன்னேன். உனக்கு வெப்ராளத்துல புத்தி பேதலிச்சிருக்கு, வீட்டுக்குப் போன்னாரு. அந்த நேரத்துல அவரைக் கொன்னாலும் எனக்குப் பாவம் இல்லன்னு தோணிச்சு.

அனூப்புக்கு விளிச்சேன், எடுக்கலை, சைட்டுல இருந்திருப்பான். அகிலேஷ் ஆம்புலன்சோட வந்து நின்னான், விஜயம்ம சேச்சி கதவைத் திறக்கலை. உள்ள இருந்து ராமநாமம் மட்டும் கேட்டது. போலீசுக்குச் சொல்லலாமான்னு அவன் கேட்டுட்டு இருக்கும்போ அனூப் திருப்பி விளிச்சான். நான் சொன்னதைக் கேட்டு அவன் அம்மையை விளிச்சு அழுதான், ஏசினான். கதவு திறக்கும்போ மணி ஆறு. ஆர்யாவை எத்தனை தட்டியும் கண்ணு திறக்கலை.

ரெண்டு மணிக்குப் போக வேண்டிய வண்டி ஆறு மணிக்குப் போச்சு. பிள்ளைக்க துடிப்பு அன்னைக்கே நின்னுட்டதாச் சொன்னாவ. நான் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன வியாழக்கிழமை அவ வாயில குழாயோட கெடந்தா. வெள்ளிக்கிழமை காலம்பற போய்ட்டா. நாலு மணிக்கூர் முன்ன வந்திருந்தாப் பிழைச்சிருப்பாளான்னு நான் டாக்டரம்மாகிட்ட கேட்டேன். சொல்ல முடியாதுன்னா. திங்கக்கிழமையே வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு மட்டும் நான் கேட்கலை. திங்கக்கிழமை தடுத்தது நானாக்கும்.

எரிக்கதுக்கு நான் போகலை. யாரும் வராதன்னு சொல்லலை, எனக்கே நடக்க முடியலை. வீட்டுல கெடந்து சுவரைப் பாத்து அழுதேன். எனக்க வீட்டுக்காரர் சாப்பாடு கொண்டு வந்து வச்சா, முதல்ல வெள்ளத்தைத் தான் பாப்பேன்.

பத்து நாள் கழிஞ்சு அகிலேஷ் வந்தான். ஃபாரத்தைத் திருத்தணும்னான். எல்லாத்துலயும் காய்ச்சினதுன்னு இருந்தா வெள்ளத்து மேல கேசு நிக்காது, அந்தக் குழியை மூடச் சொல்லவும் முடியாது, நாளைக்கு இன்னொரு மழை பெஞ்சா இன்னொரு வீட்டுல நடக்கும். ஆனா திருத்தினா வீட்டுக்காரங்க கையெழுத்து வேணும். எனக்க வீட்டு ஃபாரத்தை அவன் முன்னாலயே வெட்டித் திருத்திக் கையெழுத்துப் போட்டேன். மிச்சம் நாப்பத்தொண்ணையும் எடுத்துட்டு இறங்கினேன்.

ஒருத்தரும் போடலை. கிணத்தடியில ஒருத்தி, எங்க வீட்டுல காய்ச்சினதுதான், கண்டதை எழுதாதன்னு நாயை அவுத்து விடப் பாத்தா. சபரிநாதன் என்னை உள்ள கூப்பிடவே இல்ல. எனக்க வீட்டுப் பால்காய்ப்புல சாவு வந்ததுன்னு கவர்மெண்டு பேப்பர்ல எழுதணுமா, நீ அக்காதானான்னு கேட்டான். கருணாகரண்ணன் அடுத்த வீடுகளுக்கு எனக்கு முன்னாலயே போய்ச் சொல்லிட்டாரு, எழுதினா சமிதியை மூடிருவாவ, குழாயை அடைச்சிருவாவ, பின்ன குடத்தைத் தூக்கிட்டு லாரிக்குப் பின்னால ஓடுங்கன்னு. லாரிங்கத சொல்லைக் கேட்டா எங்க ஊர்ல பெண்ணுங்களுக்கு உயிர் போயிரும். எனக்கும் போவும். அதனால அவங்களை முழுசா ஏசவும் எனக்கு முடியலை. சுயம்புக்க கடை அடைச்சபடிதான் கெடந்தது. அவன்கிட்ட போய்க் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டேன். ஊரு முன்னால ஏசினே, ஊரு முன்னால சொல்லு அக்கான்னு சொன்னான். சொல்லுதேன்னேன்.

ஒரு வீடு மட்டும் பாக்கி. பதினாறு கழியட்டும்னு காத்திருந்தேன். கழிஞ்ச மறுநாள் காலம்பற போனேன். அனூப் வராந்தாவுல நாற்காலியில இருந்தான், தாடி வளந்து, யாரோ மாதிரி. அவனுக்க முகத்தைப் பாக்க முடியாம முற்றத்துலயே நின்னேன். அவன்கிட்ட எல்லாத்தையும் நான் போன்லயே சொல்லியிருந்தேன், நான் ஊத்தினதை, நான் எழுதினதை. அவனுக்குத் தெரிஞ்ச குற்றவாளி நான் ஒருத்திதான்.

விஜயம்ம சேச்சி உள்ள இருந்து வந்தா. எதுக்கு வந்தன்னு கேட்கலை, ஊர்ல பேச்சு எட்டியிருக்கும். கையை நீட்டினா. நான் ஃபாரத்தைக் குடுத்தேன். எந்த இடத்துலன்னு கேட்டா. காட்டினேன். பேனாவைத் திறந்தா. பொறவு சொன்னா, சாதாரணமாப் பேசுத சத்தத்துல.

“நீ ஒரு கோப்பை ஊத்தின ஸ்ரீகலே. நான் நித்தமும் ஊத்தினேன். காலம்பற ஒண்ணு, அந்திக்கு ஒண்ணு. சூடு அவளுக்க நாக்கைப் பொள்ளிரப்பிடாதுன்னு குழாய் வெள்ளத்தைச் சேத்து, நானே ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டுத்தான் குடுப்பேன்.”

நான், வேண்டாம் சேச்சின்னு சொன்னேன். அவ நிறுத்தலை.

“அன்னைக்கு நீ சொன்ன உடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஆசூத்திரிக்குக் கொண்டு போனா நீ சொன்னது நெஜம்னு ஆயிரும். எனக்க கையாலதான்னு ஆயிரும். அதுக்காக்கும் கதவை அடைச்சேன். உனக்க மேல உள்ள கோவத்துல இல்ல.”

நாற்காலி நீங்குத சத்தம் கேட்டது. அனூப் எழும்பி நின்னான். அம்மையைப் பாத்தான். படி இறங்கி, என்னைக் கடந்து, கேட்டைத் திறந்து ரோட்டுல நடந்து போனான். செருப்பு வாசல்ல கெடந்தது.

விஜயம்ம சேச்சி அவனைக் கூப்பிடலை. ஃபாரத்தைத் தூணுல வச்சு, பழைய டிக்கை வெட்டி, காய்ச்சாததுக்கு நேரா டிக் போட்டு, பேரை முழுசா எழுதிக் கையெழுத்துப் போட்டா. இதைக் காட்டி மத்த வீட்டுலயும் கேளுன்னு என்கிட்ட தந்தா. அவன் இருக்கும்போ இதைச் சொல்லியிருக்க வேண்டாமே சேச்சின்னு நான் அழுதேன்.

“அவன் கேக்கணும்னுதான் வெளியே வந்து சொன்னேன்”னு சொல்லிட்டு அவ உள்ள போனா.